“எப்படியாவது ஓட வையுங்கள்” என்று சொல்வதற்கு முன்



சென்ற ரமலானின் பதினேழாம் நோன்பு. உத்தமபாளையத்தில் என் தங்கை வீட்டில் ஸஹர் நேரம், அதிகாலை 4.15 மணி. முந்தைய இரவு மீதமிருந்த சோற்றையும் கறிக்குழம்பையும் மைக்ரோவேவ் அடுப்பினுள் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அது மூன்று முறை கூவியது, திரையில் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டியது, பிறகு அசையவில்லை. கேஸ் அடுப்பில் சூடாக்கிக்கொண்டார்கள். ஸஹர் தவறவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்குப் பிந்திய இரண்டு வாரங்களில் அந்த அடுப்புக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்கும்போது, நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், தாமதமாக விழித்துக்கொண்ட ஓர் அண்ணன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அந்த அடுப்பு வளைகுடாவில் வேலை பார்க்கும் மச்சான் வாங்கிக் கொடுத்தது. வெறுமனே சூடாக்குவது மட்டுமின்றி, கேக், ரொட்டி முதலியவற்றைச் சுடும் வசதியும் கொண்டது. இத்தகைய அடுப்புகளில் நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரானோடு தனியாக ஒரு வெப்பச் சுருளும் காற்றாடியும் இருக்கும். திரையில் தோன்றிய குறியீட்டைக் கையேட்டில் பார்த்தபோது, அது வெப்ப உணரியின் பிழை என்று தெரிந்தது. கடையில் நாம் சென்சார் என்று சொல்வதுதான் உணரி.

மறுநாள் வந்த இளைஞர் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பாய், சென்சார் போச்சு. பார்ட் மதுரையிலிருந்து வரணும், நாலஞ்சு நாளாகும்” என்றார். தங்கைக்கு அது பொறுக்கவில்லை. “நோன்பு நேரம் தம்பி, எப்படியாவது ஓட வச்சுக் கொடுங்க” என்றாள். நானும் அருகில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் அடுப்பு ஓடியது. கூலியை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்த பன்னிரண்டு ஸஹர்களுக்கும் சோறும் குழம்பும் சீராகச் சூடாயின. வேலை நன்றாக முடிந்தது என்றே எல்லோரும் நம்பினோம்.

பெருநாளுக்கு முந்திய இரவு பேரப்பிள்ளைகளுக்காகக் கேக் சுட வைத்தாள். இருபது நிமிடங்களில் கரிந்த வாடை வந்தது. கேக்கின் மேற்புறம் அடுப்புக்கரியாக மாறியிருந்தது. பொத்தான்கள் உள்ள முகப்பின் பிளாஸ்டிக் ஓரம் இளகிச் சற்றே வளைந்திருந்தது. அதற்குள் அடுப்பு தானாக அணைந்து, பிறகு விளக்குக்கூட எரியாமல் செத்துப்போயிருந்தது. அது அணைந்ததுதான் அன்று அந்தச் சமையலறையைக் காப்பாற்றியது.

நடந்தது என்ன என்பதை விளக்குவதற்கு முன், உணரி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்த வகை அடுப்புகளில் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு மணி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அறை வெப்பத்தில் பல்லாயிரம் ஓம் காட்டுகின்ற மணி, கேக் சுடும் வெப்பத்தில் சில ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். போர்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு அந்தத் தடையை ஓயாமல் அளந்து, ‘இப்போது இத்தனை பாகை’ என்று கணக்கிட்டு, வெப்பச் சுருளை நிறுத்தியும் இயக்கியும் வருகிறது. தடை எல்லையற்றதாகத் தோன்றினால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். தடையே இல்லாததுபோல் தோன்றினால் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இரண்டில் எது நேர்ந்தாலும் சில்லு வேலை செய்ய மறுத்துப் பிழைக் குறியீட்டைக் காட்டும். ‘உள்ளே எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாமல் நான் சுருளை இயக்க மாட்டேன்’ என்பதே அந்தக் குறியீட்டின் உள்ளர்த்தம். தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் நேர்மை அதற்கு இருக்கிறது. பல மனிதர்களிடம் அது இல்லை.

அந்த இளைஞர் செய்தது இதுதான். உணரியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு சாதாரண மின்தடையைப் பற்றவைத்திருந்தார். இரண்டு ரூபாய்கூடப் பெறாத பொருள். அறை வெப்பத்தில் உணரி என்ன எண்ணைக் காட்டுமோ ஏறத்தாழ அதே எண்ணை அது காட்டும். ஆனால் எவ்வளவு சூடேறினாலும் அதே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சில்லுக்கு ஐயம் தீர்ந்தது, குறியீடு மறைந்தது. சோறு சூடாக்குவதற்கு வெப்பச் சுருள் தேவையில்லை. நேரக் கணக்கு மட்டும் போதும். ஆகவே பன்னிரண்டு நாட்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. கேக் சுடத் தொடங்கியதும், சுருள் செக்கச்சிவக்க எரிந்துகொண்டிருக்க, ‘இன்னும் அறை வெப்பம்தான், இன்னும் சூடாக்கு’ என்று அந்தத் துண்டு பொய்ச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெப்பத் துண்டிப்பான் என்னும் சிறு வட்டுப்பகுதி மின்சாரத்தை அறுத்தது. அதற்குச் சில்லும் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. குறித்த வெப்பத்தைத் தாண்டினால் உள்ளிருக்கும் உலோகத் தகடு வளைந்து இணைப்பைப் பிரித்துவிடும். அதையும் யாரேனும் ‘எப்படியாவது ஓட வைப்பதற்காக’ ஒரு கம்பியால் இணைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சம் நடுங்குகிறது. அப்படி இணைக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் சின்னமனூரிலிருந்து வயதில் மூத்த ஒரு மெக்கானிக் வந்தார். அவர் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல், உயர் அழுத்தக் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்றினார். மைக்ரோவேவின் உள்ளே ஈராயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் உண்டாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கப் போதுமான மின்னூட்டம் இருக்கக்கூடும். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் தம்பிமார்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேறு எந்த வீட்டுச் சாதனத்தைத் திறந்து பார்த்தாலும் இதை மட்டும் திறக்காதீர்கள். இயற்பியல் படித்த நானும் திறப்பதில்லை.

பிறகு, இளைஞர் கழற்றித் தொங்கவிட்டிருந்த பழைய உணரியை எடுத்து மல்டிமீட்டரில் அளந்தார். எண் வந்தது. உள்ளங்கையில் வைத்து மூடினார். எண் மெல்ல மெல்லக் குறைந்தது. கையை எடுத்தார், மெல்ல ஏறியது. “இது சாகலையே பாய்” என்றார். போர்டுக்குச் செல்லும் கம்பியின் முனையில் இருந்த கனெக்டரை விளக்கொளியில் காட்டினார். ஊசிகளில் ஒன்றின்மேல் பச்சை படர்ந்திருந்தது. சமையலறை ஆவியும் எண்ணெய்ப் புகையும் பல ஆண்டுகள் சேர்ந்து செய்த வேலை அது. அந்த ஊசியின் வழியாகச் சில நேரம் மின்சாரம் சென்றது, சில நேரம் செல்லவில்லை. அதை ‘சென்சார் போச்சு’ என்று அடுப்பு சொல்லவில்லை. ‘சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை’ என்று மட்டுமே சொன்னது. மற்றதை நாம்தான் சேர்த்துக்கொண்டோம். ஊசியைச் சுத்தம் செய்து, கனெக்டரை மாற்றி, பழைய உணரியை மீண்டும் பொருத்தி, துண்டிப்பானைப் புதிதாகப் போட்டார். பொருளும் கூலியும் சேர்த்து 600 ரூபாய்.

என் கருத்தின் முதற்பாதி இதுதான். உணரிப் பிழை என்பது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: உணரியில், அதிலிருந்து செல்லும் வழியில், அல்லது அதைப் படிக்கும் போர்டில். பார்க்க வேண்டிய வரிசை மிக எளிது: முதலில் கனெக்டரும் கம்பியும், பிறகு உணரி, கடைசியில் போர்டு. விலையும் அதே வரிசையில்தான் ஏறுகிறது. ஆனால் நம் ஊர்களில் பல நேரங்களில் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். போர்டு போய்விட்டது என்ற சொல் வந்துவிட்டால், புதிய அடுப்பின் விலையில் பாதி வரும் ஒரு தொகையும் கூடவே வருகிறது. கேட்டவர் அடுப்பையே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குகிறார். ஒரு பச்சைப் புள்ளிக்காக ஓர் அடுப்பு பழைய இரும்புக் கடைக்குப் போவதை இஸ்ராஃப் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

எல்லா அடுப்பிலும் இருப்பது இதே உணரி அல்ல. ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் தானே நேரத்தைக் கணக்கிட்டுச் சூடாக்கும் அடுப்புகள் சிலவற்றில் ஈரப்பத உணரி இருக்கும். உணவிலிருந்து நீராவி கிளம்பிக் காற்றுப் போக்கியின் வழியாக வரும் கணத்தை அது கண்டுகொண்டு, இன்னும் எத்தனை நிமிடம் தேவை என்று முடிவு செய்கிறது. இதில் வரும் ‘கோளாறு’களில் பாதி கோளாறே அல்ல. உட்புறச் சுவரில் முந்தைய சமையலின் ஈரம் இருந்தால் உணரி ஏமாந்துபோகும். துடைத்துவிட்டு, கதவைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் சரியாகிவிடும். பாத்திரத்தைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடியிருந்தால் ஆவி வெளியே வராது. அடுப்பு காத்துக்கொண்டே இருக்கும், உணவு வெந்து கருகும். மூடியில் ஓர் ஓரம் விட வேண்டும். திரையில் மீதி நேரம் தோன்றும் முன்பே குழந்தைகள் கதவைத் திறந்தால் கணக்கு குலைந்துவிடும். நோன்புக் கஞ்சியை ஒரு கிண்ணம் சூடாக்கி எடுத்த கையோடு அடுத்த கிண்ணத்தை ஆட்டோவில் வைத்தால், உள்ளே நிறைந்திருக்கும் ஆவியால் இரண்டாவது கிண்ணம் பாதிச் சூட்டிலேயே நின்றுவிடும். இஃப்தார் நேரத்தில் இது பல வீடுகளில் நடப்பது. மெக்கானிக்கை அழைப்பதும் பல வீடுகளில் நடப்பது.

மின்சாரம் போய் வந்த வேகத்தில் சில்லு குழம்பிப்போய்க் குறியீடு காட்டுவதும் உண்டு. காற்றும் மழையும் அடிக்கும் நாட்களில் நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். மறைந்து திரும்ப வராவிட்டால் நல்லது. திரும்பத் திரும்ப வந்தால் உண்மையான பிழை இருக்கிறது என்று பொருள், அதோடு விளையாட வேண்டாம். அடுப்பின் பின்புறமும் பக்கங்களும் சுவரை ஒட்டியிருக்கின்றனவா, காற்றுத் துளைகளைத் துணியோ டப்பாவோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எறும்பும் கரப்பானும் அந்தத் துளை வழியாகப் போர்டில் குடியேறுவது நம் பக்கத்தில் சாதாரணம். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னோடு சொருகியிருந்தால், இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

ஓர் உணரியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். விமானத்தின் மூக்கு எந்தக் கோணத்தில் காற்றை எதிர்கொள்கிறது என்று சொல்லும் உணரி, முந்தைய நாள்தான் மாற்றப்பட்டிருந்தது. மாற்றிப் பொருத்தப்பட்ட அந்த உணரி சுமார் 21 பாகை பிழையாக அளவு செய்யப்பட்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. இரண்டு உணரிகள் இருந்தும் ஒன்றின் சொல்லை மட்டுமே கேட்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்த ஒரு மென்பொருள், விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. ஐந்து மாதங்களுக்குள், 2019 மார்ச் 10 அன்று, எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து மேலும் 157 பேர் இறந்தனர். அங்கும் பிழையான தகவல் தந்தது ஒரே ஓர் உணரிதான். சமையலறையையும் விமானத்தையும் ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் பொய்த் தகவலை நம்பி முழு வலுவோடு இயங்குகின்ற கருவி எத்தகையது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

நம் பள்ளத்தாக்குக்கு இது புதிய செய்தியுமல்ல. 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழ்கிறவர்கள் நாம். நீர்மட்டம் எத்தனை அடி, கசிவு நீர் எவ்வளவு என்பதைத் தேநீர்க் கடையிலும் பேசுகிறவர்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தபோது பள்ளத்தாக்கே மகிழ்ந்தது. அந்த அடிக்கணக்கு நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அளவுகோலைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டும் பலகையை நட்டுவிடலாம் என்று யாரும் சொன்னதில்லை. அணைக்குச் செய்யத் துணியாததை அடுக்களையில் செய்தோம்.

இறைத்தூதர் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டுப் பார்த்த நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதை நாம் அறிவோம். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். மழை நனைத்தது குற்றமாக்கப்படவில்லை; நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைக்காததே மோசடி என்று கண்டிக்கப்பட்டது. பழுதான கருவிக்கும் இது அப்படியே பொருந்துவதாக நான் கருதுகிறேன். பழுது யாருடைய குற்றமும் அல்ல. பார்ட் கிடைக்க நான்கு நாள் ஆவதும் குற்றமல்ல. ‘தற்காலிகமாக ஒரு தடையைப் போட்டிருக்கிறேன், சோறு மட்டும் சூடாக்குங்கள், கேக் சுடும் பொத்தானைத் தொடாதீர்கள்’ என்று சொல்லாததுதான் ஈரத்தை அடியில் வைத்தது. சொல்லியிருந்தாலும் அந்த வேலை சரியாகிவிடாது என்பதே என் கருத்து. அந்த எச்சரிக்கையைக் கேட்காத ஒரு பிள்ளையின் கை என்றேனும் ஒருநாள் அந்தப் பொத்தானை அழுத்தும்.

ஆனால் குற்றத்தை முழுவதும் அந்த இளைஞர் தலையில் கட்ட என் மனம் ஒப்பவில்லை. அவரிடம் அப்படிக் கேட்டவர்கள் நாங்கள். சரியான வேலைக்கு நான்கு நாள் என்று அவர் முதலில் உண்மையைத்தான் சொன்னார். நாங்கள் அதை ஏற்கவில்லை. அவசரப்படுத்தி, பேரம் பேசி, என்ன செய்தார் என்று ஒரு வார்த்தையும் கேட்காமல், ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பினோம். தொழிலாளியைப் பொய்யின் பக்கம் தள்ளுவது வாடிக்கையாளரின் அவசரம். நான்கு நாட்கள் கேஸ் அடுப்பில் சூடாக்குவது அப்படியொன்றும் பெரிய சோதனையல்லவே. நம் நன்னிமார்கள் விறகடுப்பில் ஊதி ஊதி ஸஹர் சமைத்தவர்கள்தாம்.

இனி என்ன கேட்க வேண்டும்? மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, நல்ல மெக்கானிக் அதை விரும்புவார். கழற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். எதை மாற்றினார், எதை இணைத்தார் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். போர்டுதான் பழுது என்றால், கம்பியையும் உணரியையும் பார்த்த பிறகு சொல்கிறாரா என்று கேளுங்கள். கையேட்டைத் தூக்கி எறியாதீர்கள். குறியீடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன, ஒன்றில் உணரி என்று பொருள்படுவது இன்னொன்றில் கதவாக இருக்கும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. வீட்டுச் சாதனங்களும் அதில் அடங்கும். ஏமாற்றப்பட்டதாக உறுதியாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உண்மையாகவே காலம் முடிந்த அடுப்பைத் தெருவோரம் போடாமல், மின்னணுக் கழிவைப் பெற உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஷவ்வால் பிறை பத்து இருக்கும், அந்த இளைஞரை உத்தமபாளையம் பேருந்து நிலையத்தருகே பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. “பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே பாய்?” என்றுதான் முதலில் கேட்டார். கூலியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை. உணரியைக் கையில் பிடித்து மீட்டரில் அளந்த விதத்தைப் பற்றி விசாரித்தார். கனெக்டரைப் பார்க்கத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய பில்லை எடுத்து, அதன் பின்புறத்தில், சூடேறினால் எண் ஏறுமா இறங்குமா என்று இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.